எட்டாவது ஜன்னல்

லாரியில் சாமானெல்லாம் ஏறியாயிற்று. மாமா மட்டும் ஏறவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வயது முப்பது, ஆனால் அவர் போக்கே தனி. யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். யாராவது தொட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவார். இன்று காலையிலிருந்து காலி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தார்.

“டிரைவர் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள இவன் கிளம்பலைன்னா, காப்பகத்துக்கு போன் பண்ணிடுவேன். அவங்க வண்டி வந்து கூட்டிட்டுப் போகட்டும். என்னால முடியல” என்றார் அப்பா.

அம்மா தம்பியிடம் கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை கட்டிப்போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் மகள் குச்சி உள்ளே மாமாவிடம் ஓடினாள். ஒல்லியாக இருப்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

“மாமா, வாங்க. புது வீடு நல்லா இருக்கும்.”

மாமா அடுத்த அறைக்குள் போனார்.

“லாரியில முன்சீட்டு உங்களுக்குத்தான்.”

ம்ஹும்.

“போங்க மாமா. உங்களால எல்லாருக்கும் கஷ்டம்.”

சொன்னதும் அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே அப்பா போனைக் கையில் எடுத்துவிட்டார். இனி என்ன சொல்லி என்ன? கொஞ்ச நேரம் கூடவாவது நடக்கலாம் என்று மாமாவின் பின்னாலேயே போனாள்.

அப்போதுதான் கவனித்தாள். மாமா சும்மா சுற்றவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தி, கொக்கி மாட்டிக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை ஆயிற்று. எட்டாவது ஜன்னலில் கதவே இல்லை. கரையான் அரித்துவிட்டதென்று நேற்றுத்தான் தச்சர் கழற்றிக்கொண்டு போயிருந்தார். மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மறுபடி முதல் ஜன்னலுக்குப் போய், திறந்து, சாத்தினார்.

“அப்பா, மாமா அடம் பிடிக்கலப்பா. வீட்டைச் சாத்திட்டு வரப் பார்க்கிறாரு. ஒண்ணு சாத்த முடியல.”

“இல்லாத ஜன்னலை யாரும்மா சாத்த முடியும்?” அப்பா எண்களை அழுத்தத் தொடங்கினார்.

குச்சி ஓடிப்போய் அந்த ஓட்டையின் முன்னால் நின்றாள். இரண்டு கைகளையும் ஜன்னல் கதவு மாதிரி அகல விரித்தாள். கண்ணீரோடு மூக்கும் சேர்ந்து ஒழுகியது. துடைக்கவில்லை. ஜன்னல் எங்கேயாவது மூக்கைத் துடைக்குமா?

மாமா வந்தார். அவள் விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவள் இடது கையைப் பிடித்து மெல்ல மடக்கினார். அப்புறம் வலது கையை. விரல்களை ஒன்றோடொன்று கோத்து, கொக்கி மாட்டுவதுபோல் அழுத்தினார். மாமா அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய் லாரியில் ஏறிக்கொண்டார்.

வெளியே அப்பாவின் குரல் கேட்டது. “இல்லைங்க, இன்னைக்கு வண்டி வேணாம்.”

இன்னைக்கு வேணாம் என்றால், நாளைக்கு? வெளியே வந்தும், அதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“புது வீட்டுல எத்தனை ஜன்னல்ப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

“எண்ணிப் பார்க்கலையே.”

போய் இறங்கியதும் முதல் வேலையாக அதை எண்ணிவிட வேண்டும், கொக்கியெல்லாம் சரியாக மாட்டுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, கோத்த விரல்களைப் பிரிக்காமல் லாரியை நோக்கி நடந்தாள்.