இரவல் தோல்

அழித்த காயம் இவ்வளவு சுத்தமாக அழியக்கூடாது. மணிவேல் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தான். மலைமேலிருக்கும் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் பல வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறவனுக்குத் தன் வேலையின் லட்சணம் தெரியாதா? ஓரிடத்துத் தோலை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டினால், என்னதான் கவனமாகச் செய்தாலும் ஓரத்தில் ஒரு மங்கல் நிற்கும். அவசரமாகச் செய்தால் முகத்தில் மெழுகு பூசியது போல் பல்லிளிக்கும். மணிவேல் எப்போதும் அவசரமாகத்தான் செய்வான். ஆனால் இந்தக் கன்னத்தில் மங்கலே இல்லை. பூனைமயிர் கூடத் தெரிந்தது. தோல் அங்கேயே முளைத்தது போல் உட்கார்ந்திருந்தது.

படத்தில் இருந்தவள் காவியா, நெல்லிவாசல்நாட்டுக்காரி, போன வாரம் செத்துப்போனவள். உயிரோடு இருந்தவரை அவளைத் தனியாக யாரும் படம் எடுத்ததில்லை. அடக்கத்துக்கு முன்னால் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, யாரோ செல்போனில் எடுத்ததுதான் மிச்சம். இந்த மாதிரிப் படங்கள் மலையில் புதிதல்ல. மூடிய கண்ணுக்கு வேறொருத்தர் கண்ணை வைத்துத் திறந்துவிடுவதும், மூக்கிலிருக்கும் பஞ்சை அழிப்பதும் மணிவேலுக்குக் கைவந்த வேலை. நாளைக்குக் காரியம். கடைசி ஜீப் கிளம்புவதற்குள் பிரேம் போட்டுக் கொடுத்தாக வேண்டும்.

"ஆச்சுங்களா?" என்றான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிங்காரம். காவியாவின் புருஷன்.

"கன்னம் முடிஞ்சுதுங்க. ஒதடும் கழுத்தும்தான் பாக்கி."

"கழுத்துல ஒண்ணும் தெரியக்கூடாது. பாறையில வழுக்கி வுழுந்துட்டா. பாக்கறவங்க வாய் சும்மா இருக்காது பாருங்க."

வழுக்கி விழுந்தவள் கழுத்தில் நாலு விரல் ஒரு பக்கமும் கட்டைவிரல் மறுபக்கமும் பதியாது. படத்தைப் பெரிதாக்கியபோதே மணிவேல் அதைப் பார்த்துவிட்டான். கன்னம் கன்றிக் கறுத்திருந்ததையும், உதடு பிளந்து உள்ளே உடைந்த பல் தெரிந்ததையும் பார்த்தான். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் நேரமாகும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டான். உண்மையில் பயந்தான்.

அந்த முகத்தில் நகலெடுக்க நல்ல தோல் ஓரங்குலம் கூட இல்லை. பொறுமைசாலி என்றால் காதோரத்திலிருந்து துளித்துளியாக எடுத்து நிரப்புவான், ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். மணிவேல் அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் இருந்த இன்னொரு படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டான். அவன் மனைவி அன்பரசியின் படம். கடை போர்டில் போடுவதற்காகப் பொங்கலுக்கு எடுத்தது. காவியாவின் அதே மாநிறம், அதே பக்கத்திலிருந்து வெளிச்சம். திரையிலிருக்கும் பிரஷ்ஷால் அன்பரசியின் கன்னத்தைத் தொட்டு எடுப்பான், காவியாவின் கன்னத்தில் தேய்ப்பான். காயம் போய்விடும்.

உதட்டுக்கு அன்பரசியின் உதடு. கழுத்துக்கு அன்பரசியின் கழுத்து. வெளியே தகரக் கூரையில் மழை கொட்டியது. அதையும் மீறி, ஈரத்துணியை மெதுவாகக் கிழிப்பது போல ஒரு சத்தம் ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஸ்பீக்கரில் கேட்டது. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். சத்தம் நிற்கவில்லை. பிரிண்டர் மையும் பாசிபிடித்த சுவரும் சேர்ந்த கடையின் வழக்கமான வாடைக்குள் கறிக்கடை வாடை ஒன்று புகுந்திருந்தது.

அடுக்கடுக்காக ஒட்டியிருந்த எல்லா லேயரையும் ஒன்றாக்கி, பழைய படத்தின் மேலேயே சேமித்தான். அது அவன் பழக்கம். இடம் மிச்சம், நேரம் மிச்சம். அப்படிச் சேமித்தபிறகு ஒன்றையும் பழையபடி மாற்ற முடியாது. மாற்றி என்ன ஆகப்போகிறது என்பான்.

சேமித்து முடித்து அன்பரசியின் படத்தை மூடப் போனவன் அப்படியே நின்றான். அவள் கன்னம் கறுத்திருந்தது. உதடு பிளந்திருந்தது. பிரஷ்ஷைத் தப்பான படத்தில் தேய்த்துவிட்டோமோ என்று நினைத்தான். அந்தப் படத்தை அவன் தொட்டு எடுத்தானே தவிர, அதில் ஒரு கோடு கூடப் போடவில்லை.

போன் அடித்தது. அன்பரசி, வீடியோ காலில்.

"இன்னாங்க... மூஞ்சி எரியுதுங்க..."

அவள் பேசப் பேச உதடு நடுவில் பிளந்தது. மணிவேலின் கண்ணெதிரிலேயே. ரத்தம் தாடையில் வழிந்தது.

"யார் அடிச்சது? அன்பு, வூட்ல யாரு கீறாங்க?"

"யாருமே இல்லங்க. யாருமில்ல, ஆனா..."

அவள் தலை பக்கவாட்டில் அறைபட்டுத் திரும்பியது. ஒரு பல் தெறித்தது. போன் எதன் மேலோ சாய்ந்து நிற்க, அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். கழுத்தில் ஒரு விரல் பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. மறுபக்கம் கட்டைவிரல். கழுத்து ஒடுங்கத் தொடங்கியது. அவள் கண்கள் பிதுங்கின.

வீடு மலைச்சரிவில், ஏரிக்கு அந்தப் பக்கம். ஓடினாலும் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தன் பெண்டாட்டி சாகிறாள், தன் கையாலேயே சாகிறாள் என்பது மட்டும் மணிவேலுக்குப் புரிந்தது.

"இன்னாங்க, யார் கிட்ட கத்தறீங்க?" என்று எழுந்தான் சிங்காரம்.

மணிவேல் அவனைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான்.

காவியாவின் சாவுச் சான்றிதழ் விஷயமாக வேண்டுமென்று மத்தியானம் சிங்காரத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் படம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. திறந்தான். அகலமான நெற்றி. தழும்பில்லாத, சுத்தமான தோல்.

பொட்டென்று கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பழைய பேட்டரி, ரொம்ப நேரம் தாங்காது.

சின்ன பிரஷ்ஷால் ஓரம் ஓரமாகப் போக நேரமில்லை. பிரஷ்ஷைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். சிங்காரத்தின் நெற்றியைத் தொட்டான், அன்பரசியின் கழுத்தில் ஒரே இழுப்பு.

பின்னால் 'க்ளக்' என்றது.

சிங்காரம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சோடு சாய்ந்தான். மணிவேல் திரும்பவில்லை. கன்னத்தில் ஒரு இழுப்பு. எலும்பு நொறுங்கும் சத்தம். ஆல்பங்கள் அடுக்கியிருந்த கண்ணாடியில் ரத்தம் பட்டுச் சிதறியது. உதட்டில் ஒரு இழுப்பு. குறுக்கே. நெடுக்கே. ஒரு கீறல் கூட மிஞ்சக்கூடாது. சாவுடா, என்றான் மணிவேல். சாவு. தரையில் குதிகால்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. நின்றன.

யூபிஎஸ் நீளமாகக் கத்தியது. படத்தைச் சரிபார்க்க நேரமில்லை. லேயர்களை ஒன்றாக்கினான். சேமித்தான்.

திரை இருண்டது.

இருட்டில் போன் மட்டும் வெளிச்சமாக இருந்தது. வீடியோ கால் துண்டாகவில்லை. மணிவேல் ரத்தத்தில் வழுக்கி, மேசையைப் பிடித்து நின்று, அதை எடுத்தான்.

"அன்பு? வலி போச்சா? அன்பு, பேசும்மா."

அன்பரசி நின்றுகொண்டிருந்தாள். உயிரோடு. கழுத்தில் விரல்தடம் இல்லை. கன்னத்தில் கறுப்பு இல்லை. மணிவேலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் பேசவில்லை.

போன் வெளிச்சத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தாள். கண்களுக்குக் கீழே மூக்குத் தண்டு பாதிவரை தெரிந்தது. அதற்கப்புறம் தாடைவரை ஒரே தோல். மூக்குத் துவாரம் இல்லை. உதடு இல்லை. வாய் இருந்த இடத்தில் ஒரு ஆண்பிள்ளையின் நெற்றி, நடுவில் சுருக்கத்தோடு. அது உள்ளே குழிந்தது. வெளியே புடைத்தது. மறுபடி குழிந்தது.

இரண்டு கை நகங்களாலும் பிராண்டினாள். பிராண்டிய இடத்தில் வியர்வைதான் வந்தது. அவள் முகம் நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. பிறகு போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடினாள். பாத்திரங்கள் உருண்டன.

மறுபடி முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தபோது அவள் இன்னொரு கையில் காய் நறுக்கும் கத்தி இருந்தது. திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கத்தி முனையை அந்தத் தோலின் மேல் வைத்தாள். கொஞ்சம் இறக்கினாள். கொஞ்சம் தள்ளினாள். இங்கேயா என்று மணிவேலைப் பார்த்தாள்.