ஒரு பிக்சல் கோடு

அண்ணனின் படத்தைச் சுற்றியிருந்த கறுப்புக் கோடு, காலையில் அவள் போட்டதைவிடத் தடித்திருந்தது.

அந்த மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருந்த அவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று லீவு கேட்டவர், "இந்த வேலைய முடிச்சுட்டுப் போங்க" என்ற மேனேஜரின் பேச்சைத் தட்டாமல், முடித்துவிட்டு நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார்.

இன்று காலை அதே மேனேஜர் அவளிடம் வந்தார். "நம்ம வெப்சைட்ல ஊழியர் படமெல்லாம் இருக்குற பக்கத்துல அவர் படத்துக்கு மட்டும் கறுப்பு பார்டர் வர்ற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிடும்மா. ஒரு பிக்சல், ஒரு புள்ளி அகலம் போதும். கிளையன்ட் பாக்குற பக்கம்."

"ஒரு மனுஷனுக்கு ஒரு பிக்சல்தானா சார்?"

"போட்டதே பெருசு."

இரண்டே வரி நிரல். எழுதிக் கொடுத்தாள்.

இப்போது மாலை. ஏசியின் இரைச்சல், ஆறிப்போன காபியின் வாடை, வரிசை வரிசையாகக் கீபோர்டுகள் மழைபோல் தட்டும் சத்தம். ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தாள். ஒரு பிக்சல் என்றுதான் இருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தாள். கோடு உள்பக்கமாக வளர்ந்து அண்ணனின் காதுகளைத் தின்றிருந்தது. பக்கத்துப் படத்திலும் ஒரு கோடு. கணக்குப் பிரிவுப் பெண். உயிரோடு இருப்பவள், மதியம் கைகழுவும் இடத்தில் சிரித்துப் பேசியவள்.

இவளுக்குப் பின்னால், எங்கோ ஒரு கீபோர்டின் சத்தம் நின்றது.

அடுத்த படம். இன்னொரு கீபோர்டு.

இரண்டு வரிகளையும் அழித்தாள். சேமித்தாள். புதுப்பித்தாள். ஒரு வரிசை முழுக்கக் கறுத்தது. ஒரு வரிசைச் சத்தம் அடங்கியது.

கண்ணாடி அறைக்குள் மேனேஜர் போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். "சாக்குப்போக்கு வேணாம், நாளைக்குள்ள முடிச்சுக் குடுத்து—"

அவர் படத்திலும் கோடு.

பேச்சு அறுந்தது.

ஏசி மட்டும்.

"ஏய்," என்றாள், பக்கத்து இருக்கைத் தோழியிடம். "இங்க பாரேன்டி."

திரும்பினாள்.

தோழி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். கண் இமைக்கவில்லை. அவள் முகத்தைச் சுற்றி, வெறும் காற்றில், நாலு பக்கமும் நேராக, மெல்லிய கறுப்புக் கோடு. அவளுக்கு அப்பால் இன்னொரு முகம். அதற்கும். அதற்கு அப்பாலும்.

திரையில் கோடு இல்லாதது ஒரே ஒரு படம்.

தன் காதோரம் ஏதோ சில்லென்றது. விரலால் தொட்டாள்.

நேரான விளிம்பு. உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது.