தூக்காத சக்கரம்

சாந்தோம் பக்கமிருந்து கச்சேரி ரோட்டுக்குள் இடது கையாகத் திரும்பும்போதே ஷாஹுல் ஹமீதுக்கு ஏதோ இடறியது. என்ன என்று வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தன் ஷெட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சைடு கார் தூக்கவில்லை.

ஆள் இல்லாத சைடு காரை இடது பக்கம் வேகமாகத் திருப்பினால் அதன் ஒற்றைச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். மோட்டார் சைக்கிள் தொழிலுக்கு வந்தவன் முழங்கையைப் பேர்த்துக்கொண்டு முதலில் படிக்கிற பாடம் அதுதான். அதற்காகவே காலிப் பெட்டிக்குள் ஒரு மணல் மூட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அவரும் போட்டிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டு அடையாறு பாலம் வரை போய்விட்டு வந்தார். வந்து பார்த்தால் மூட்டை கதவோரம் கிடக்கிறது. அதன்மேல் பெயின்டர் தணிகாசலம் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"மூட்டை வண்டியில இல்லியா?"

"இன்னா பாய், காலைலேர்ந்து நான்தான் இதும்மேல குந்திக்கினு கீறேன்."

உலகச் சண்டை முடிந்து பட்டாளம் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த வருஷம். டிப்போ ஏலத்தில் மோட்டார் சைக்கிள்கள் பழைய இரும்பு மாதிரி போயின. ஷாஹுல் ஹமீது மூன்று ஓட்டை வண்டிகளை வாங்கி, ஒன்றின் இன்ஜின், ஒன்றின் பிரேம், ஒன்றின் டாங்க் என்று சேர்த்து ஒரே ஹார்லியாக்கியிருந்தார். பட்டாளப் பச்சையைச் சுரண்டிவிட்டுக் கறுப்பு அடித்து, ஹேண்டில் பாரை நெஞ்சுயரத்துக்கு வளைத்து, எருமைத் தோலில் சீட் தைத்து வைத்ததும் அது மாப்பிள்ளை மாதிரி நின்றது. சைடு கார் மட்டும் வேறொரு குவியலில் கிடைத்தது. பேர்ப்பலகைகூட இல்லாத ஒற்றைப் பெட்டி.

மாம்பலத்து மரவாடி கோதண்டபாணி அதைப் பார்த்து மயங்கிப்போய், நாளைக்கே கொடு என்று நின்றார். அடுத்த மாதம் தருகிறேன் என்று இவர் சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் மனைவி நஸ்ருன்னிசா. அவளுக்கு நிறைமாதம். முன்பு இரண்டு பிள்ளைகள் வீட்டிலேயே பிறந்து, ஒரு பொழுது தாண்டாமல் வீட்டிலேயே அடங்கிப்போனார்கள். இந்தத் தடவை வலி எடுத்த உடனே திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஜட்கா குதிரையை நம்ப முடியாது. வண்டியை விற்பது அப்புறம், முதலில் அதில் அவள் போய்ச் சேரட்டும் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தார்.

மறுநாள் மூட்டை இல்லாமல் வேண்டுமென்றே போனார். அதே முனை. இன்னும் வேகம், இன்னும் சாய்வு. சக்கரம் தரையோடு ஒட்டிக்கொண்டு உருண்டது. பெட்டிக்குள் ஸ்பிரிங் ஒருமுறை கிரீச்சென்று முனகி, ஆள் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி அடங்கியது. உப்புக் காற்றுக்கு நடுவே ஈரக் கம்பளி நாற்றமும் காயத்துக்குப் போடுகிற டிங்சர் நாற்றமும் கலந்து இடது பக்கமிருந்து வந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வீடு வரும்வரை பார்வை ரோட்டிலேயே இருந்தது.

ஷெட்டில் அவரும் தணிகாசலமும் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். வெறும் தகரம், லேசாக எழும்பியது.

"சும்மா நிக்கறப்போ ஒண்ணுமில்ல பாய். இங்க பாரு, இதான் எனக்கு மண்டை காயுது." தணிகாசலம் பெட்டியின் முன்னாலிருந்த கைப்பிடிக் கம்பியைக் காட்டினான். காலையில் அடித்த பெயின்ட் ஓர் இடத்தில் மட்டும் வழித்தெடுத்த மாதிரி இருந்தது. நான்கு விரல் அகலம். "மூணு தபா அடிச்சிட்டேன். நீ ஒரு ரவுண்டு போய் வந்தாக்கா இப்டி ஆயிடுது."

"காத்துல உரிஞ்சிருக்கும்."

"காத்துக்குக் கை கீதா?" தணிகாசலம் சிரித்தான். "மடியில கனமிருந்தாதான் வழியில பயம்னுவாங்க. உனக்குப் பெட்டியில கனம் கீது, பாய்."

சைடு காரை அன்றே கழற்றி வீசியிருக்கலாம். வேறு பெட்டி கிடைக்காது, நஸ்ருன்னிசாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. அதைவிட, தான் பயந்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். மணல் மூட்டையைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். இனி சக்கரம் தூக்காவிட்டால் அது மூட்டையின் கனம். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை மதியம் பிடித்த மழை அந்தி மஃரிப் பாங்கு சொல்லும்போதும் விடவில்லை. தெரு விளக்குகள் தண்ணீருக்குள் எரிகிற மாதிரி மங்கித் தெரிந்தன. ஓடு ஒழுகுகிற சத்தத்துக்கு நடுவில் உள்ளேயிருந்து நஸ்ருன்னிசா கூப்பிட்டாள்.

"என்னங்க... எடுத்துடுச்சு."

அவளுடைய சித்தி அமீனா பீ தெருமுனை வரை ஓடிப்போய் நனைந்து திரும்பினாள். ஜட்கா இல்லை, ரிக்‌ஷா இல்லை. "நின்னுக்கிட்டு என்ன யோசனை தம்பி? வண்டியை எடு! நான் பின்னால எதுலயாச்சும் வந்துடறேன்."

ஷாஹுல் ஹமீது ஷெட்டுக்கு ஓடினார். மூட்டையும் ஆளும் சேர்ந்து பெட்டியில் கொள்ளாது. மூட்டையை இழுத்து வெளியே போட்டார். அது விழுந்த பிறகும் பெட்டிக்குள் குஷன் எழும்பவில்லை. நடுவில் பள்ளமாக அப்படியே அமுங்கி இருந்தது.

ஈரக் கம்பளி. டிங்சர்.

இத்தனை நாளும் வாய்விட்டுச் சொல்லாததை அன்று சொன்னார். காலிப் பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, ரகசியக் குரலில் கெஞ்சினார்.

"எறங்கிடு. யாரா இருந்தாலும் சரி. என் பொண்டாட்டி உக்காரணும். எறங்கிடுப்பா."

மழை மட்டும் பெய்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குஷன் மேலே வந்தது.

அமீனா பீ புர்காவைப் போர்த்தி நஸ்ருன்னிசாவைத் தாங்கி உட்கார வைத்தாள். ஸ்பிரிங் அவள் பாரத்தில் நன்றாக இறங்கியதை ஷாஹுல் ஹமீது கண்ணாலேயே பார்த்தார். அவள் கையைக் கம்பியில் வைத்துவிட்டு, "அல்லா காப்பாத்துவான், போ," என்று அமீனா பீ விலகினாள்.

வண்டி கிளம்பியது. கச்சேரி ரோடு முழுக்கத் தண்ணீர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே அவள் முனகல் விட்டுவிட்டுக் கேட்டது. அது கேட்கும்வரை அவருக்குத் தைரியமாக இருந்தது. கிழக்கே போய், சாந்தோம் முனையில் இடது கையாகத் திரும்பினால் நேராகக் கடற்கரை ரோடு. திருவல்லிக்கேணி தொட்டுவிடும் தூரம்தான்.

"என்னங்க," என்றாள்.

"இதோ வந்தாச்சு, நஸ்ரு. பொறுத்துக்க."

"கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. இடிக்குது."

நிறுத்தினால் இன்ஜின் மறுபடி பிடிக்குமோ என்னவோ. நிறுத்தவில்லை. ஆக்ஸிலேட்டரைத் திருகினார். முனகல் நின்றுவிட்டிருந்தது.

முனை வந்தது. கடல் இரைச்சல். இடது கை.

சாய்த்தார்.

ஹேண்டில் பார் கையில் சட்டென்று லேசாயிற்று. இடது பக்கம் எழும்பியது. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டது. சக்கரம் தூக்குகிறது. பெட்டி காலி. இறங்கிவிட்டான்! அல்ஹம்துலில்லாஹ், சொன்ன சொல் கேட்டு இறங்கிவிட்டான்!

ஒரு மூச்சு நேரம்தான் அந்தச் சந்தோஷம்.

காலி.

பெட்டியில் நஸ்ருன்னிசா இருக்கிறாள்.

முதல் தடவையாக இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். புர்கா உட்கார்ந்திருந்தது. தலை இருந்தது. தோள் இருந்தது. மேடிட்ட வயிறு இருந்தது. மழை அதன்மேல் விழுந்து வழிந்தது. அதற்குக் கீழே குஷன் பள்ளமே இல்லாமல், புதிதாகத் தைத்து வைத்த மாதிரி உப்பியிருந்தது.

ஹேண்டிலை நேராக்கினார். வண்டி நேராயிற்று. சக்கரம் இறங்கவில்லை.

"நஸ்ரு..."

முகத்திரை மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.

"நிறுத்தாதீங்க," என்றது நஸ்ருன்னிசாவின் குரல். வலியே இல்லாத குரல். "நேரா போங்க."

யாருமில்லாத கடற்கரை ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருந்தது. அவர் முழங்கைக்குப் பக்கத்தில், தரையைத் தொடாமல், மழைத்தண்ணீரைச் சிதறிக்கொண்டு அந்த ஒற்றைச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.