கீலில் எண்ணெய்

துப்பறிவாளரின் அறைக்கதவு கிறீச்சிட்டது. உள்ளே வந்தவர் ஒரு தையல் ஆலையின் காவலாளி. உட்காருவதற்கு முன்பே, பழக்கதோஷத்தில், "கீலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க சார்," என்றார். அதற்கப்புறம்தான் அழுதார்.

அவருடைய தங்கை அதே ஆலையில் தைத்தவள். போன வாரம் மாடியில் தீப்பிடித்தபோது எல்லோரும் முன்படி வழியாகத் தப்பிவிட, அவள் மட்டும் பின்கதவருகே புகையில் மூச்சடைத்துச் செத்துக் கிடந்தாள். கையில் ஆலைத் துணி ஒன்று இருந்தது.

"துணி திருடப் போய் மாட்டிக்கிட்டான்னு மேனேஜர் சொல்றாரு சார். அதைக் கேட்டதிலிருந்து எங்கம்மா பச்சைத்தண்ணி தொடலை. அவ திருடி இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்கணும்."

"நிரூபிச்சிடலாம்ணே, கவலைய விடுங்க," என்றார் உதவியாளர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர் என்பதால் எல்லோரும் அவரை அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயதாகியும் அந்தப் பெயர் அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது.

காவலாளி அவர்களை அழைத்துப்போன ஆலை மாடியில் கரிவாடை இன்னும் போகவில்லை. கழிப்பறையை ஒட்டிப் பின்கதவு. பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது.

"அந்தக் கதவு திறந்ததே கிடையாது சார்," என்றார் மேனேஜர். "துணி களவு போகுதுன்னு நிரந்தரமா பூட்டியாச்சு. அது அவளுக்கும் தெரியும். தீ விபத்து ஒத்திகையெல்லாம் நாங்க ஒழுங்காத்தான் நடத்துறோம். ஒரு தடவைகூட சொதப்பினதில்ல."

"தீ ஒத்திகையில அவங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"கடைசி ஆள். கழிப்பறையில யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டுத்தான் வரணும்."

"எந்த வழியா?"

மேனேஜரின் பார்வை பின்கதவுப் பக்கம் போய்த் திரும்பியது.

துப்பறிவாளர் அந்தத் துணியை வாங்கிப் பார்த்தார். நாலாக மடித்த துணி. நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கரிப்பொட்டுகள்.

"மூச்சை இழுத்த இடத்துல புகை படிஞ்சிருக்கு. நனைச்சு மூக்குல வச்சிருக்காங்க. திருடுற துணிய யாரும் நனைக்க மாட்டாங்க. ஒத்திகையில சொல்லிக்கொடுத்ததை அப்படியே செஞ்சிருக்காங்க, அவ்வளவுதான்."

காவலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"இது போதும், கிளம்பலாம்," என்று துப்பறிவாளர் படியை நோக்கி நடந்தார். அவசரத்துக்கு இது புரியவில்லை. பாதி வழக்கு பாக்கியிருக்க, இவர் எங்கே ஓடுகிறார்?

"சார், இந்தக் கதவு திறக்கும்னு அந்தப் பொண்ணு எப்படி நம்புனா?" என்றபடி கீலைத் தடவினார். விரலில் எண்ணெய் ஒட்டியது. பிடித்துவிட்டோம் என்று அவருக்கு ஒரே குஷி. "திறக்காத கதவுக்கு எதுக்கு எண்ணெய்? மேனேஜர் புளுகுறாரு. ஒத்திகை அன்னிக்கு மட்டும் எவனோ பூட்டை எடுத்துட்டு, முடிஞ்சதும் மறுபடி பூட்டியிருக்கான். வெளிப்பூட்டு, உள்ள இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? ஒத்திகையில எப்பத் தள்ளினாலும் திறந்த கதவாச்சே. அவன் யாருன்னு தெரிஞ்சா போதும்ணே, உங்க தங்கச்சியக் கொன்னது..."

துப்பறிவாளர் அவசரத்தின் கையை இறுகப் பிடித்தார். காலம் கடந்துவிட்டது.

"நான்தான்," என்றார் காவலாளி.

"ஒத்திகை அன்னிக்கு எல்லாம் சரியா இருக்கணும்னு மேனேஜர் சொல்வாரு. பூட்டை எடுத்து எண்ணெய் விடுவேன். மத்த நாள் பூட்டியிருக்குன்னு அவகிட்டக்கூட சொல்லாதேன்னாரு. சொல்லல. லேசாத் தொட்டாலே திறக்குதுண்ணேன்னு அவ சிரிப்பா."

அவசரம் தன் எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்தார். கிளம்பலாம் என்று சார் சொன்னபோதே கிளம்பியிருக்கலாம். கீலைத் தனக்கு முன்பே அவர் பார்த்திருக்கிறார் என்பது இப்போதுதான் உறைத்தது. நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

காவலாளி துப்பறிவாளரிடம் வந்தார். குரல் உடையவில்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது.

"அவ திருடி இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க சார். அம்மாகிட்ட படிச்சுக் காட்டணும். அவங்க ஒரு வாய் சாப்பிடட்டும். மீதிய அப்புறமா நானே சொல்லிக்கிறேன்."