தம்பியின் மைக்

படத்தை நிறுத்திய பிறகும் திரையின் அடியில் இரண்டாவது பச்சை ஒலிக்கோடு அடங்கவில்லை.

கேமராக்காரர் மறுபடி பொத்தானை அழுத்திப் பார்த்தார். திரையில் பாறைக் கரையை ஒட்டி, அவருடைய தம்பியின் துடுப்புப் படகு அலையின் முதுகில் சாய்ந்தபடி உறைந்து நின்றது. முதல் கோடு, படம் எடுக்கப் போன படகின் இரைச்சல். அது செத்துக் கிடந்தது. இரண்டாவது, தம்பியின் மிதவைச் சட்டையில் குத்தியிருந்த மைக்கினுடையது. மைக்கும் தம்பியும் கடலுக்குள் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. கோடு மட்டும், யாரோ மூச்சு வாங்குவதுபோல ஏறி ஏறி இறங்கியது.

நடுப்பகல்தான். திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் மின்விசிறியின் கிறீச்சும், சூடேறிய வயர்களின் வாடையும், அதற்கும் அடியில், எங்கிருந்தென்று தெரியாத ஈர உப்பு வாடையும்.

"என்ன மாமா, முகம் இப்படி வெளிறிப்போச்சு?"

பக்கத்து நாற்காலியில் தம்பியின் மனைவி.

"ஒண்ணுமில்லம்மா. மெஷின் பழசு."

"அவர் கடைசியா என்ன பேசினார்னு கேக்கத்தான் வந்தேன்."

"அவன் பேசவே இல்லையேம்மா. கூப்பிட்டிருந்தா நான் விட்டிருப்பேனா?"

"அதான் எனக்குப் புரியல. கால்ல முள்ளு குத்தினாக்கூட அண்ணான்னுதான் கத்துவார். கடல்ல மட்டும் வாய்க்குப் பூட்டா போட்டிருந்தார்?"

அவர் திரும்பவில்லை. படம் எடுக்கும் படகிலிருந்து ஒரு கயிறு போனாலும் போட்டியாளர் படகுப் பந்தயத்துக்கு வெளியே. அதுதான் விதி. ஒன்பது நாள் துடுப்புப் போட்டு முதலில் வந்துகொண்டிருந்தவன் தம்பி. அன்று ஹெட்போனில் மூன்று முறை கேட்டது: "அண்ணா, கயிறு." அவர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். கேமராவை இறக்கவில்லை. அலை அவ்வளவு அழகாக எழுந்து வந்தது. பிறகு இதே மேசையில் உட்கார்ந்து அந்த மூன்று குரலையும் வெட்டி அழித்தார்.

இப்போது ஹெட்போனை மாட்டினார்.

தண்ணீர். தண்ணீருக்குள் மூச்சு. பிறகு, காதோரம்:

"அவகிட்ட சொல்லுண்ணா."

கழற்றி மேசையில் போட்டார். அதன் வயரை மெஷினிலிருந்து பிடுங்கினார். கோடு நிற்கவில்லை.

"கொடுங்க மாமா."

"வேணாம்மா. வெறும் அலைச் சத்தம்."

"அதையாவது கேக்கறேன்."

எடுத்து மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். பதினோரு நாளாக இல்லாத சிரிப்பு உதட்டில் வந்தது.

"ம்."

உப்பு வாடை ஏறியது.

"ம்."

சிரிப்பு வடிந்தது.

"ம்."

கண்ணைத் திறந்தாள். அவரையே பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள், வீட்டில் கணவனிடம் பேசுகிற அதே தணிந்த குரலில். "இங்கதான் இருக்கார். கதவைத் திறந்து வைக்கவா?"

அவர் குனிந்து பார்த்தார். ஹெட்போன் வயரின் நுனி அவர் கையிலேயே இருந்தது. எதிலும் செருகாமல். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.