உள்நுழைய அனுமதி

கீழ்வேளூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மழையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தபோது சந்திரலேகாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. தங்கை வானதியின் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும்.

வானதி அந்தப் பள்ளியில் டீச்சர். ஐப்பசி வெள்ளத்தில் தரைப்பாலத்தைக் கடக்கும்போது ஸ்கூட்டியோடு ஆற்றில் போய்விட்டாள். ஸ்கூட்டி மட்டும் கிடைத்தது. நாற்பது நாளாகியும் அம்மா ராஜாத்தி காரியம் செய்ய விடவில்லை. "உடம்பப் பாக்காம எப்படிடி எள்ளும் தண்ணியும் எறைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆற்றில் போன அன்று காலை அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை. குடை யாருடையது என்று. கோபத்தோடு வாசலிறங்கிய வானதி, "போறேன்க்கா" என்றாள். போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வர்றேன்னு சொல்லு என்று ஆயிரம் தடவை திருத்திய சந்திரலேகா, அன்று வாயைத் திறக்கவில்லை.

தலைமையாசிரியர் இளையபெருமாள் பீரோவைத் திறந்தார். இருபத்து நாலு டேப்லெட்டுகள், நம்பர் ஒட்டி, வரிசையாக. எல்லாவற்றையும் வானதி தன் அக்கவுண்டில்தான் போட்டு வைத்திருந்தாள். பிள்ளைகளுக்கு அவள் எடுத்த பாடங்களெல்லாம் அவள் குரலிலேயே உள்ளே இருந்தன. இப்போது எதைத் தொட்டாலும் அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்டது.

ஈரம் படாத அறை. ஆனாலும் பீரோவுக்குள்ளிருந்து ஆற்றுச் சேற்று வாடை வந்தது.

"மொத்தமா அழிச்சுட்டா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"அழிச்சாலும் விடாது சார்," என்றான் ரிப்பேர் பார்க்க வந்த செந்தில்குமார். "அழிச்சு முடிச்சதும், முன்னாடி யாரு இருந்தாங்களோ அவங்களையே வரச் சொல்லும்."

"டீச்சர் கண்டிப்பு அப்படி. இருக்கறப்பவும் எங்கள எங்க தொட விட்டாங்க?" என்று சிரித்தவர், சந்திரலேகாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

நாளைக்கு எல்லாம் பூட்டை எடுப்பதற்காகத் தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்குப் போகும். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். சந்திரலேகா பதினேழாம் நம்பரைக் கையில் எடுத்து அம்மா பேரை அடித்துப் பார்த்தாள். இல்லை. வானதி பிறந்த தேதி. இல்லை. கடைசியாக 'லேகாக்கா' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, தான் பிறந்த வருஷத்தைச் சேர்த்தாள்.

ஏற்றுக்கொண்டது.

சந்திரலேகாவின் கண் நிறைவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. 'வானதியின் போனுக்குச் செய்தி அனுப்பியுள்ளோம். அதில் "ஆம், நான்தான்" என்பதைத் தட்டவும்.'

"அந்த போன் எங்கக்கா?" என்றான் செந்தில்குமார்.

"ஆத்துல."

அவன் உதட்டைப் பிதுக்கினான். அவனும் தலைமையாசிரியரும் டீ குடிக்கப் போனார்கள். பகல் மூன்று மணிதான். மழை இருட்டில் அறை மங்கிக் கிடந்தது. ஓட்டில் மழை அடித்துக்கொண்டிருந்தது. திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சேற்று வாடை கூடியது.

வட்டம் நின்றது.

யாரோ 'ஆம்' என்று தட்டியிருந்தார்கள்.

உசுரோட இருக்கா. அந்த ஒரு கணம் சந்திரலேகாவுக்கு அப்படித்தான் தோன்றியது. எங்கோ கரையேறி, எந்த ஆஸ்பத்திரியிலோ, போனைக் கையில் வைத்துக்கொண்டு... பாடங்களின் பட்டியல் விரிந்தது. மேலே இருந்த பதிவில் வானதி ஆற்றில் போன அன்றைய தேதி இருந்தது. அதைத் தட்டினாள்.

படம் கறுப்பாக இருந்தது. தண்ணீர் ஓடும் சத்தம். அதற்கு அடியிலிருந்து வானதியின் குரல்.

"போறேன்க்கா."

யாரும் பதிவு செய்யாத சொல். வாசலில் அன்று காலை சொன்ன அதே சொல், அதே கோபத்தோடு.

சற்று இடைவெளி. மறுபடியும், "போறேன்க்கா."

பீரோவுக்குள் மற்ற இருபத்து மூன்றும் ஒவ்வொன்றாக வெளிச்சம் கண்டன. எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடியது. அக்கா பேசுவதற்காக அந்தக் குரல் காத்திருப்பது சந்திரலேகாவுக்குப் புரிந்தது. அன்று விட்டுப்போன சொல் நெஞ்சை முட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"போறேன்னு சொல்லாதடி தங்கம். போயிட்டு வர்றேன்னு சொல்லு."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"போயிட்டு வர்றேன்க்கா."

எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் அணைந்தன.

டீ குடித்துவிட்டு வந்தவர்கள் பார்த்தபோது, திறக்கப்பட்ட சுவடே இல்லாமல் பதினேழாம் நம்பர் பழையபடி பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நாலு நாள் கழித்துச் செந்தில்குமார் தஞ்சாவூரிலிருந்து கூப்பிட்டான். "எல்லாம் சரியாயிடுச்சுக்கா. அந்தப் பதினேழு மட்டும் எத்தன தடவ அழிச்சாலும் அவங்க பேரையே கேக்குது. மாத்து நம்பரா உங்க போனத்தான் குடுத்து வச்சிருக்காங்க. உங்களுக்கு எதாச்சும் வந்தா சொல்லுங்க."

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தது.

'வானதி உள்நுழைய முயல்கிறார். அனுமதிக்கலாமா?'

கீழே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

'போயிட்டு வர்றேன்க்கா' என்ற குரல் நினைவுக்கு வர, சந்திரலேகா 'இல்லை'யைத் தட்டினாள். வாசல் பக்கம் தண்ணீரில் யாரோ கால் எடுத்து வைத்துத் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. செந்தில்குமாரிடம் அவள் சொல்லவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கு மறுநாளும். கூடப் பிறந்தவளைத் தினமும் வாசலோடு திருப்பி அனுப்பினாள். அம்மாவிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் காலடிச் சத்தம் இன்னும் தாமதித்தே திரும்பியது.

எட்டாம் நாள் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், நேரத்தை மறந்துவிட்டாள். ஓடி வந்தபோது அம்மா கூடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது நாளுக்கு மேல் சிரிக்காத முகத்தில் சிரிப்பு.

"அம்மா, என்னம்மா பண்ணின?"

"வானதி உள்ள வரட்டுமான்னு கேட்டுச்சு," என்றாள் ராஜாத்தி. "பெத்தவ வேண்டாம்னா சொல்லுவேன்?"

வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

கதவிலிருந்து கூடம் வரை சேற்றுக் காலடிகள் வந்திருந்தன. அம்மாவுக்குப் பின்னால், சுவரோரம், அருகருகே இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன. அங்கே மட்டும் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.