பாதாம் மரத்தில் இடது பக்கம்

அன்று காலை பத்தரை மணிக்குக் காப்பிக்கடையில் இருந்தவர்கள்:

கடைக்காரி கித்தேரியா அத்தை. அவள் மகன் ஃபெர்மீன், வயது பதினொன்று. மேயர் லெயாந்த்ரோ, கல்யாணத்துக்குப் போடும் சட்டையில். சொய்லோ மாமா, வயது எண்பத்திரண்டு, காது பாதி கேட்கும். அப்புறம் நான், ஒரோசியா, வயது பத்து.

எங்கள் மலை ஊர் ஒந்தால்பாவில் மொத்தம் பதினேழு பேர். மற்றவர்கள் பீச் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். பிள்ளைகள் என்று பார்த்தால் நானும் ஃபெர்மீனும்தான். அதிலும் ஒரு ஆள் குறையப் போகிறது என்று பேச்சு. கடையில் வியாபாரம் இல்லை. இப்படியே போனால் மாதக் கடைசியில் கடையை மூடிவிட்டு அத்தையும் ஃபெர்மீனும் சரகோசா நகரத்துக்குப் போய்விடுவார்கள்.

அவன் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

ஒரே ஒரு வழி இருந்தது. நிஜமாகவே வழிதான், சைக்கிள் வழி. ஊர் ஊராக சைக்கிளில் சுற்றுகிறவர்களுக்காக ஒரு சங்கம் புதுப் பாதை போடுகிறது. ஆற்றுப் பாலத்தில் தொடங்கி மலை ஏறும் பாதை. அது எங்கள் ஊர் வழியாகப் போகலாம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வில்யார் என்ற ஊர் வழியாகவும் போகலாம். எங்கள் வழியாகப் போனால் வாரா வாரம் கடையில் கூட்டம். இன்று சோதனை ஓட்டம். நான்கு பேர் வருகிறார்கள்.

"கோழி வெந்துச்சா?" என்றார் மேயர், மூன்றாவது முறையாக.

"நீங்க வந்து வந்து மூடியத் திறந்தா எப்படி வேகும்?" என்றாள் அத்தை.

அப்போது தொலைபேசி மணி அடித்தது. பக்கத்தில் இருந்த நான் எடுத்தேன்.

"நான் நூரியா. சைக்கிள் சங்கம்," என்றது ஒரு பெண் குரல். "நாங்க பாலத்துல நிக்கிறோம். உங்க ஊர் அனுப்பின வழித்தாள் கையில இருக்கு. 'பாதாம் மரத்தில் இடது பக்கம்'னு எழுதியிருக்கு. ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டோம். எங்க இருக்கு மரம்?"

நான் எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னேன்.

"பாதாம் மரம் தெரியலையாமா?" மேயர் சிரித்தார். "சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

"அது எங்க இருக்கு இப்ப?" என்றான் ஃபெர்மீன்.

மேயர் சிரிப்பை நிறுத்தினார்.

"அதை வெட்டியாச்சே," என்றார் சொய்லோ மாமா. "நான் பட்டாளத்துலேருந்து திரும்பி வந்த வருஷம்."

அந்த வழித்தாளை எழுதியது நான்தான். போன மாதம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை எழுத வைத்தார்கள். நான் பிறந்ததிலிருந்து அந்த இடத்துக்குப் பெயர் பாதாம் மரம். அங்கே மரமே இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

"நான் காரை எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வரேன்!" என்று மேயர் கத்தியது நூரியாவுக்கே கேட்டுவிட்டது.

"யாரும் கூட்டிட்டுப் போகக் கூடாது," என்றாள் அவள். "ஃபோன்ல வழி கேக்கறதும் இதோட சரி. தாள்ல இருக்கிறது வழியில இருக்கணும், அவ்வளவுதான் சோதனை. கீழ எல்லாத்தையும் இன்னொரு தடவை பாக்கிறோம். ரெண்டு மணிக்குள்ள ஒந்தால்பா வந்து சேரலைன்னா வில்யார் வழிதான்."

வைத்துவிட்டாள்.

நான் என் நோட்டைப் பிரித்தேன். வழித்தாளின் பிரதி அதில் இருந்தது. சத்தமாகப் படித்தேன்.

"பாதாம் மரத்தில் இடது பக்கம். மரம் இல்ல. நாய் குரைக்கும் இடத்தில் நேரே போகவும்…"

"நாய் செத்து எட்டு வருஷம் ஆச்சு," என்றாள் அத்தை.

"சிவப்பு வாசலில் வலது பக்கம்."

"அந்தச் சிவப்புக் கதவைத்தான் நம்ம மேயர் விறகாக்கிட்டாரே!" என்றாள் மறுபடியும் அத்தை.

"அந்த வருஷம் பனி ஜாஸ்தி," என்றார் மேயர் மெதுவாக.

"கடைசியா, மாவு ஆலையைத் தாண்டி மேலே."

"என்னோட ஆலையா?" சொய்லோ மாமா நிமிர்ந்தார். "கல்லெல்லாம் சர்ச்சுச் சுவருக்குக் கொண்டு போயாச்சே."

ஃபெர்மீன் என்னைப் பார்த்தான். "நல்லா எழுதியிருக்க! இல்லாத ஊருக்குப் போற வழி."

அவனை அடிக்கத்தான் எழுந்தேன். பாதியில் நின்றுவிட்டேன்.

"தாள்ல இருக்கிறது வழியில இருந்தாப் போதும்னுதானே சொன்னாங்க?" என்றேன். "அப்ப இருக்க வைப்போம். நான் பாதாம் மரம். ஃபெர்மீன் நாய்."

"நான் ஏன் நாய்?"

"உனக்குத்தான் பொருத்தமா இருக்கும். மேயர், நீங்க சிவப்பு வாசல். சொய்லோ மாமா, உங்க ஆலை நின்ன இடத்துல நீங்களே நில்லுங்க."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். கொல்லையில் இருந்த பாதாம் மரத்திலிருந்து ஒரு கிளையை முறித்து என் சட்டை முதுகில் செருகினாள். மேசையில் கிடந்த சிவப்பு விரிப்பை உருவி மேயர் தோளில் போட்டாள். "ஓடுங்க!" என்றாள்.

ஓடினோம்.

ஊரிலிருந்து பாலம் வரை ஆறு கிலோமீட்டர், ஒரே இறக்கம். கார் போகிற ரோடு வேறு பக்கம்; இது கல் பாதை. என் சைக்கிளில் பின் பிரேக் மட்டும்தான் பிடிக்கும். ஃபெர்மீனுடையதில் அதுவும் சந்தேகம். காற்று காதில் சீறியது. கற்கள் சக்கரத்தில் பட்டுத் தெறித்தன. முதுகில் கிளை படபடவென்று அடித்தது.

"ஆடு!" என்று கத்தினான் ஃபெர்மீன்.

முந்நூறு செம்மறி ஆடுகள் பாதையை அடைத்துக்கொண்டு நடந்தன. எங்கள் பக்கம் ஆட்டுக்குத்தான் முதல் உரிமை; மணியடித்தால் மேய்ப்பர் தடியைத் தூக்குவார். இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். ஓர் ஆடு என் முதுகில் இருந்த இலையில் பாதியைத் தின்றுவிட்டது.

செத்துப்போன நாயின் முடுக்கில் ஃபெர்மீன் இறங்கிக்கொண்டான். மேலும் இரண்டு கிலோமீட்டர் தாண்டி, கீழே பாதை பிரியும் இடத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது மூன்று சைக்கிள்கள் வில்யார் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

"நில்லுங்க!" என்று கத்தினேன். "நான்தான் பாதாம் மரம்!"

மூன்று தலைகள் திரும்பின. முன்னால் போனவள் இறங்கி வந்தாள். உயரமானவள். மூக்கில் வெயிலுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பு.

"நீயா?"

"ஆமா. இடது பக்கம் திரும்புங்க."

"மரம் பேசுமா?"

"எங்க ஊர்ல பேசும்."

நூரியா என் முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தாள். "இலையைக் காணோமே."

"ஆடு தின்னுடுச்சு."

மற்ற இருவரும் சிரித்தே விட்டார்கள். நூரியா சிரிக்கவில்லை. ஆனால் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு இடது பக்கம் திரும்பினாள்.

நான் கூடப் போகவில்லை. மரம் கூட நடந்து வராதே. அவர்கள் வளைவில் மறையும்வரை நின்றுவிட்டுத்தான் ஏறினேன். ஏற்றம் காலை முறித்தது. சற்று நேரத்தில் மேலேயிருந்து குரைப்புச் சத்தம் கேட்டது. தொண்டை கட்டிய நாய்.

சிவப்பு வாசல் இருந்த இடத்தில் மேயர் இன்னும் விரிப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். அதில் தக்காளிக் குழம்புக் கறை. கொஞ்சம் மேலே சொய்லோ மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து கைகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். "தண்ணியில ஓடின ஆலைதான்," என்று என்னிடம் சொன்னார். "ஆனா சும்மா உக்காந்திருந்தா ஆலைன்னு எப்படித் தெரியும்?"

அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நான் ஊருக்குள் நுழைந்தபோது மணி ஒன்று. மூன்று சைக்கிள்களும் கடை வாசலில் சாய்ந்திருந்தன. ஃபெர்மீன் கை தட்டினான். குரைத்துக் குரைத்து அவன் குரல் போயிருந்தது.

"ஜெயிச்சாச்சு!" என்றார் மேயர். "கோழியை எடு!"

நூரியா ஒரு குவளைத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். "இவங்க நல்லா சிரிச்சாங்க," என்றாள். "ஆனா நாளைக்கு வர்றவங்களுக்கு யார் மரமா நிப்பாங்க? ஜனவரில யார் குரைப்பாங்க? இந்தத் தாளை நான் ஏத்துக்க முடியாது."

மேயர் மடித்துவைத்திருந்த விரிப்பு நழுவி விழுந்தது. ஃபெர்மீன் தரையைப் பார்த்தான். கித்தேரியா அத்தை தட்டுகளை வைத்தாள், ஒவ்வொன்றாக.

நூரியா சொன்னது சரி. அதுதான் கோபமாக வந்தது.

"உங்கள்ல நாலாவது ஆள் எங்க?" என்று கேட்டேன்.

"ஹசிந்தோவா? சக்கரம் பஞ்சர். பாலத்துலயே உக்காந்து ஒட்டிட்டிருக்கான்."

"அவர் இந்த வழியைப் பாத்ததே இல்லையே?"

"இல்ல."

"அப்ப நான் வேற தாள் எழுதறேன். அதை வெச்சு அவர் தனியா வரட்டும். நாங்க யாரும் வாசலைத் தாண்ட மாட்டோம்."

நூரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பத்து. "ரெண்டு மணிவரைக்கும்தான்," என்றாள். "ஃபோன்ல ஒரே ஒரு தடவை படிச்சுக் காட்டு. அவன் எழுதிக்கட்டும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சற்றுமுன் ஏறி வந்த பாதையை மறுபடி ஏறினேன். பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் எழுதினேன்.

"பாலத்துலேருந்து ரெண்டாவது பிரிவு," என்று தொலைபேசியில் படித்தேன். "ஒட்டகம் மாதிரி ஒரு பாறை இருக்கும், அங்க இடது பக்கம். உடைஞ்ச குளியல் தொட்டியில ஆடு தண்ணி குடிக்கிற இடம், நேரே. மஞ்சள் குழாய் தரைக்கு வெளிய தெரியும், வலது பக்கம். தனியா ரெண்டு கல் தூண், அது நடுவுல பூந்து மேல."

"ஒட்டகப் பாறையா?" என்றார் சொய்லோ மாமா. "அது எங்க இருக்கு?"

"பாதாம் மரத்துக்குப் பக்கத்துல!" என்று கத்தினோம் நானும் மேயரும்.

"ஓ, அதுவா. அதைப் போய் யாரு பாப்பா?"

அப்புறம் காத்திருந்தோம். கோழி ஆறியது. யாரும் தொடவில்லை. ஒன்றரை. ஒன்று நாற்பது. மேயர் வாசலுக்கும் மேசைக்கும் நடந்து நடந்து வியர்வையில் சட்டையை நனைத்துவிட்டார். ஒன்று ஐம்பதுக்கு ஃபெர்மீன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். கீழே, கல் தூண்களுக்கு நடுவே, தூசி.

தூசிக்குள்ளிருந்து ஒரு குண்டு மனிதர் வெளியே வந்தார். முகம் பீட்ரூட் நிறம். கடை வாசலில் சைக்கிளோடு அப்படியே சாய்ந்தார்.

"அந்தக் குளியல் தொட்டி," என்றார் மூச்சு வாங்க. "அதுல நானும் ஒரு முங்கு போட்டுட்டுத்தான் வரேன்."

நூரியா பையைத் திறந்தாள். சங்கத்தின் முத்திரையை எடுத்து என் நோட்டின் மேல் டம்மென்று குத்தினாள். களிம்பு பூசிய மூக்கு சுருங்க, அப்போதுதான் சிரித்தாள்.

"அக்டோபர்ல ஆரம்பிக்கிறோம். சனிக்கிழமைக்கு எட்டு, பத்து பேர் வருவாங்க. சாப்பாடு இங்க கிடைக்குமா?"

கித்தேரியா அத்தை கோழிச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "பத்துப் பேருக்கு இந்தச் சட்டி பத்தாது," என்றாள். "பெருசா ஒண்ணு வாங்கணும்."

ஃபெர்மீன் வாயைத் திறந்தான். குரல் வராமல் ஒரு காற்றுதான் வந்தது. நான் அவன் முதுகில் ஒரு அடி வைத்தேன். அவன் திருப்பி வைத்தான்.

சாப்பிட்டு முடித்ததும் நான்கு பேரும் சுவரோரப் பெஞ்சுகளில் நீட்டி நிமிர்ந்துவிட்டார்கள். ஹசிந்தோ உடனே குறட்டை விட்டார். மதியத் தூக்கம் எங்கள் ஊரில் சட்டம். அத்தை முதலில் மேயரை வெளியே தள்ளினாள். அடுத்து சொய்லோ மாமா. நான் ஒட்டகத்துக்கு எத்தனை திமில் என்று ஃபெர்மீனோடு சைகையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"போடி. தூங்கறவங்க எழுந்துக்கப் போறாங்க. உங்க சண்டையை நாளைக்கு வெச்சுக்கோங்க."

"நாளான்னைக்கும் வெச்சுக்கலாமா?"

"அடுத்த வருஷமும் வெச்சுக்கோ. இப்ப கிளம்பு."

என்னை வெயிலில் விட்டுவிட்டு, அத்தை கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து சாவியை இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினாள்.